வெறுங்காலும் கல்லூரிப் படியும்: 1911 ஷீல்டு வெற்றி நினைவில் தங்கிய விதம்

ஆட்டத்தைப் பார்க்க முடியாதவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

1911 ஜூலை 29, சனிக்கிழமை மாலை. கல்கத்தாவின் நடுவில் 'மைதான்' என்றே பெயர் பெற்ற அந்தப் பெரிய புல்வெளியில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டம். ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் பட்டாளத்து அணி, எதிரில் வங்காளிகளின் கிளப்பான மோகன் பகான். கூட்டம் எவ்வளவு என்பதில் அன்றைய கணக்குகளே ஒத்துப்போவதில்லை. 60,000 என்பார்கள், 80,000 என்பார்கள், லட்சம் என்பவர்களும் உண்டு. வெளியூர்களிலிருந்து சிறப்பு ரயில்கள் விட்டார்கள், ஆற்றில் கூடுதல் படகுகள் ஓடின. இரண்டு ரூபாய் டிக்கெட் பதினைந்து ரூபாய்க்குக் கைமாறியது. இவ்வளவு பேருக்கும் உட்கார இடம் ஏது? மரத்தில் ஏறினார்கள். வாடகைக்குக் கிடைத்த மரப்பெட்டிகள் மேல் ஏறி நின்றார்கள். அதற்கும் பின்னால் நின்றவர்களுக்குக் கோல் கணக்கைச் சொல்ல, எண்ணை எழுதிப் பட்டம் விட்டார்கள்.

முதலில் ஏறிய பட்டம் கூட்டத்தின் வயிற்றில் புளியைக் கரைத்தது. பட்டாளத்து அணியின் சார்ஜென்ட் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்திருந்தார். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் மோகன் பகான் கேப்டன் சிவதாஸ் பாதுரி (வங்காளிகள் வாயில் 'ஷிப்தாஸ்') சமன் செய்தார். பிறகு, இன்னும் சில நிமிடங்களே மிச்சம் என்ற நிலையில், அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். 2–1. ஷீல்டு தொடங்கிய 1893 முதல் ஒரு இந்திய அணிகூட அதைத் தொட்டதில்லை. அன்றைக்குத் தொட்டது.

அந்த மாலையைப் பார்த்த கண்கள் இன்று ஒன்றுகூட இல்லை. அசையும் படம் எதுவும் கிடையாது. ஷீல்டோடு பதினொரு பேரும் எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் இருக்கிறது, பத்திரிகைச் செய்திகள் இருக்கின்றன. மற்றதெல்லாம் தாத்தா பேரனுக்குச் சொல்லி, அந்தப் பேரன் தன் பேரனுக்குச் சொல்லி வந்தவை. அப்படி வாய்வழியே வந்ததில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரி உண்டு: வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்டவர்களை ஜெயித்தார்கள். உண்மைதான், பெருமைப்பட வேண்டிய உண்மை. ஆனால் அந்த வரிக்குள் அடங்காமல் வெளியே நின்றுவிட்ட ஒன்று இருக்கிறது: கல்லூரி. அந்த வெறுங்கால்கள் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் நடந்த கால்கள். கல்கத்தாவின் கல்லூரித் தெருவைச் சேர்க்காமல் 1911ஐச் சொன்னால் அது ஏதோ திடீரென்று நடந்த அதிசயமாகிவிடும். முப்பது வருட வேலை அதற்குள் மறைந்துபோகும்.

எனவே கதையை ஒரு பையனிடமிருந்து தொடங்க வேண்டும். நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. 1870களின் பிற்பகுதி. தாயோடு வண்டியில் கங்கைக் குளியலுக்குப் போகும் வழியில், மைதானில் வெள்ளைக்காரர்கள் பந்து உதைப்பதைப் பார்க்கிறான். வண்டியை விட்டு இறங்கி நிற்கிறான். பந்து அவன் பக்கம் உருண்டு வர, ஒரு சிப்பாய் உதைத்து அனுப்பச் சொல்ல, உதைக்கிறான். இந்தியக் கால்பந்தின் முதல் உதை அதுதான் என்று வங்கத்தில் சொல்வார்கள். அது கொஞ்சம் புராணம்போலத் தோன்றலாம். எனக்கு அடுத்து நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. அவன் ஹேர் ஸ்கூல் மாணவன். நண்பர்களிடம் காசு சேர்த்துப் பந்து வாங்கி வந்து பள்ளி மைதானத்தில் உதைத்தார்கள். வாங்கியது ரக்பி பந்து! அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்திலிருந்த பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக் அதைப் பார்த்துவிட்டு, சரியான பந்தைக் கொடுத்து, ஆட்டத்தின் விதிகளையும் சொல்லிக் கொடுத்தார். வங்கத்தில் கால்பந்து பிடித்த முதல் வேர் ஒரு கல்லூரியின் வாசலில்தான் இருக்கிறது.

நாகேந்திர பிரசாத் அடுத்தடுத்து சங்கங்கள் தொடங்கினார். அவற்றில் ஒன்றில் குயவர் வீட்டுப் பிள்ளை ஒருவரை உறுப்பினராகச் சேர்க்க, உயர்சாதிக்காரர்கள் மறுத்தார்கள். அவர் அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டு, சோபாபஜார் கிளப்பை உருவாக்கி, அந்த நண்பரைச் சேர்த்துக்கொண்டார். 1892இல் அதே சோபாபஜார் கிளப் டிரேட்ஸ் கோப்பை ஆட்டமொன்றில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமென்டைத் தோற்கடித்தது. ஆங்கிலேய அணி ஒன்றை இந்தியர்கள் வென்ற முதல் பெரிய ஆட்டம் அது. ரசிகர்களின் நினைவில் 1911 சூரியன் மாதிரி; அதன் வெளிச்சத்தில் இந்த 1892 கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

சரி, கல்லூரிகள் ஏன் கால்பந்தை வளர்த்தன? அங்கிருந்த ஆங்கிலப் பேராசிரியர்களும் பாதிரிமார்களும் அதை ஒழுக்கப் பயிற்சியாகப் பார்த்தார்கள். கட்டுப்பாடு, கூட்டு உழைப்பு, தலைவனுக்குப் பணிதல், தோற்றாலும் முகம் சுளிக்காமை. இவையெல்லாம் பழகினால் நல்ல குடிமகன் கிடைப்பான், அரசுக்கு நல்ல ஊழியனும் கிடைப்பான் என்பது கணக்கு. இன்னொரு பக்கம் வங்காளிகளின் உடல் வலுவற்றது, ஆண்மையற்றது என்று மெக்காலே காலத்திலிருந்தே ஆங்கிலேயர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். படித்த வங்க இளைஞர்களை இது உள்ளுக்குள் அரித்தது. படிப்பில் வெள்ளைக்காரனோடு போட்டி போட முடிந்தது, உடலைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் தலை குனிய வேண்டியிருந்தது. அந்தப் பழியைக் கழுவ உடற்பயிற்சிக் கூடங்கள் முளைத்தன, மல்யுத்தம் வந்தது. மல்யுத்தத்தில் ஜெயித்தாலும் எதிரில் வெள்ளைக்காரன் இல்லை. கால்பந்தில் இருந்தான்.

இந்த இடத்தில் நம் ஊருக்கும் ஒரு நூல் நீள்கிறது. 1897இல் விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பிச் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஒன்றில்தான், கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு இன்னும் பக்கத்தில் போவீர்கள் என்று இளைஞர்களிடம் சொன்னார். சொன்னவர் கல்கத்தாவில் ஜெனரல் அசெம்பிளிஸ் இன்ஸ்டிட்யூஷனில் படித்தவர். அந்தக் கல்லூரி 1908இல் இன்னொரு மிஷன் கல்லூரியோடு இணைந்து ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கல்லூரி ஆனது. 1911இல் வெற்றி கோலை அடித்த அபிலாஷ் கோஷ் அந்தக் கல்லூரி மாணவர். சென்னையில் கேட்ட அந்தப் பேச்சும் மைதானில் விழுந்த அந்த கோலும் ஒரே கல்லூரியின் இரண்டு மாணவர்களுடையவை. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பழைய சொற்பொழிவை என்னால் வேறு மாதிரிதான் வாசிக்க முடிகிறது.

மோகன் பகான் கிளப்பின் பெயரிலேயே ஒரு பேராசிரியரின் கை இருக்கிறது. 1889 ஆகஸ்ட் 15 அன்று வடக்குக் கல்கத்தாவில், கீர்த்தி மித்ரா என்பவரின் 'மோகன் பகான் வில்லா' மாளிகையை ஒட்டித் தொடங்கிய சங்கத்துக்கு முதலில் 'மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். முதலாண்டு விழாவுக்கு வந்த பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ, இங்கே வேட்டையும் இல்லை, தூண்டில் போட்டு மீன்பிடிப்பதும் இல்லை, பிறகெப்படி 'ஸ்போர்ட்டிங்' என்று கேட்டார். பெயர் 'அத்லெடிக் கிளப்' என்று மாறியது. இன்றுவரை பெயர்ப்பலகையில் நிற்பது ஒரு பேராசிரியர் செய்த திருத்தம்! முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ், வழக்கறிஞர். 1914இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. படித்தவர்கள், வழக்கறிஞர்கள், நிலக்கிழார்கள், அவர்கள் வீட்டு மாணவர்கள். கிளப் பிறந்த வட்டாரம் இது.

ஆனால் பிறப்பு மட்டும் போதாது. 1900 வாக்கில் சைலேன் பாசு செயலாளராக வந்த பிறகுதான் அணி உருப்படியானது. அவர் ராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்தவர். பட்டாளத்து அணிகள் கடைசி நிமிடம் வரை மூச்சு வாங்காமல் ஓடுவதன் ரகசியம் அவருக்குத் தெரியும். அந்தப் பயிற்சியைத் தன் பையன்களுக்குக் கொடுத்தார். பலன் வரிசையாக வந்தது. 1905இல் சின்சுராவில் நடந்த கிளாட்ஸ்டோன் கோப்பையில் டல்ஹவுசி கிளப்பை 6–1 என்று அடித்தார்கள். 1906, 1907, 1908 மூன்று வருடமும் டிரேட்ஸ் கோப்பை அவர்களுடையது. 1909இல் முதல்முறை ஷீல்டில் ஆடி, கார்டன் ஹைலாண்டர்ஸ் ரெஜிமென்டிடம் தோற்றார்கள். ஆக, 1911இல் வந்தது முன்பின் தெரியாத அணி இல்லை. கல்கத்தாவின் இந்திய அணிகளில் மிகச் சிறந்தது, தோற்றுக் கற்றுக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

இந்த வருடங்களில் வெளியே நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கூட்டம் ஏன் அப்படித் திரண்டது என்பது புரியாது. 1905இல் வைஸ்ராய் கர்சன் வங்கத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் வெடித்தது. அதன் முன்வரிசையில் நின்றவர்கள் மாணவர்கள். அவர்களை அடக்கவே அந்த அக்டோபரில் கார்லைல் சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் அரசியலில் இறங்கினால் அவர்கள் படிக்கும் நிறுவனத்துக்கு மானியமும் உதவித்தொகையும் போய்விடும் என்ற மிரட்டல். 1908இல் பதினெட்டே வயதான புரட்சியாளர் குதிராம் போஸைத் தூக்கிலிட்டார்கள். கூட்டம் போட முடியாது, ஊர்வலம் போக முடியாது, 'வந்தே மாதரம்' என்று கத்தினால் கல்லூரியை விட்டு நீக்குவார்கள். கால்பந்து மைதானத்தில் கத்துவதற்கு மட்டும் யாரும் தடை போடவில்லை. ஆங்கிலேயனின் சொந்த ஆட்டம், அவனே எழுதிய விதிகள், அவனே நடத்தும் போட்டி, அதைப் பார்த்துக் கைதட்டுவது குற்றமாகுமா? அறை எடுத்துத் தங்கியிருந்த வெளியூர் மாணவர்களும், அந்தப் படிப்பை முடித்து அலுவலகங்களில் எழுத்தர்களாக உட்கார்ந்திருந்த முன்னாள் மாணவர்களும், வேறெங்கும் விட முடியாத குரலை மைதானில் விட்டார்கள். கல்லூரிக்கும் அந்த ஷீல்டுக்கும் இருக்கும் மிக ஆழமான உறவு இதுதான் என்பேன். ஆடியவர்களைவிடப் பார்த்தவர்கள் வழியாகத்தான் அது நடந்தது.

இனி ஆட்டங்கள். ஜூலை 10 அன்று முதல் சுற்று, எதிரணி செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி, 3–0. ஜூலை 14 ரேஞ்சர்ஸ், 2–1. ஜூலை 19 ரைஃபிள் பிரிகேட், 1–0. ஜூலை 24 அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்டோடு 1–1. இரண்டு நாள் கழித்து மறுஆட்டம், 3–0. இந்த மறுஆட்டத்தோடு ஊரே மாறிவிட்டது. அதற்கு முன் அது ஒரு கிளப்பின் விஷயம், அதற்குப் பின் எல்லோருடைய விஷயம். வடக்குக் கல்கத்தாவின் ஒரு சந்துக்குச் சொந்தமான அணி மூன்றே நாளில் ஒரு நாட்டின் அணியாக வளர்ந்தது.

ஆடிய பதினொரு பேரும் யார்? கோலில் ஹீராலால் முகர்ஜி. பின்களத்தில் பூட்டி சுகுல், சுதீர் சாட்டர்ஜி. நடுவில் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா. முன்களத்தில் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, அவருடைய தம்பி சிவதாஸ் பாதுரி. வங்கத்தில் இவர்களை 'அமர் ஏகாதஸ்' என்கிறார்கள், சாகாத பதினொருவர். இந்தப் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் ரசிகர்கள் இன்றும் உண்டு. திருப்பாவையின் முதல் பாட்டைச் சொல்வதுபோல அதற்கென்று ஒரு தாளமே அமைந்துவிட்டது.

இதில் சுதீர் சாட்டர்ஜியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். பவானிபூரில் லண்டன் மிஷனரி சொசைட்டி நடத்திய கல்லூரியின் ஆசிரியர் அவர். கிறிஸ்தவர், பின்னாளில் பாதிரியார் ஆனவர். வெறுங்கால் அணி என்று நாம் கொண்டாடும் அந்த அணியில் பூட்ஸ் போட்டு ஆடியவர் அவர் ஒருவர்தான். பத்து ஜோடி வெறுங்கால், ஒரு ஜோடி பூட்ஸ். இது வெற்றியின் மதிப்பைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. ஈர மண்ணில் பூட்ஸுக்கு எதிராக வெறுங்காலோடு நிற்பது எலும்புக்கே ஆபத்து, அதைப் பத்து பேர் செய்தார்கள். ஆனால் நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தப் பூட்ஸ் காட்டிக்கொடுக்கிறது. சொல்லச் சொல்லப் பதினொரு பேரும் வெறுங்காலர்கள் ஆகிவிட்டார்கள். அந்த ஒரு கல்லூரி ஆசிரியரின் பூட்ஸை யாரும் வேண்டுமென்று கழற்றவில்லை. கதைக்கு அது இடைஞ்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியே விடுபட்ட இன்னும் சில உண்டு. கேப்டன் சிவதாஸ் பாதுரி வேலையில் கால்நடை ஆய்வாளர். பூட்டி சுகுல் குடும்பம் வங்கத்துக்கு வெளியிலிருந்து வந்து குடியேறியது. அணியில் பலருக்குப் பூர்வீகம் கிழக்கு வங்கம். இந்தக் கடைசி விஷயம் இன்றைய கொல்கத்தாவில் சொல்லிப் பாருங்கள், சூடு கிளம்பும். ஏனென்றால் 1920இல் ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்த பிறகு, மோகன் பகான் என்றால் மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகளின் அணி, ஈஸ்ட் பெங்கால் என்றால் கிழக்கிலிருந்து வந்தவர்களின் அணி என்று பிரிந்துவிட்டது. மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன் என்று சமையலறை வரை அந்தப் பிரிவு போய்விட்டது. 1911இல் அந்தக் கோடு இல்லை. கர்சன் கிழித்த கோட்டை அழிக்கத் துடித்த ஒரு வங்கம்தான் அன்று மைதானில் நின்றது.

மதக் கோடும் அன்று இன்றுபோல் இல்லை. முஸ்லிம் கிளப்காரர்கள் இந்துச் சகோதரர்களின் வெற்றியில் தரையில் உருண்டு புரளாத குறையாகக் கூத்தாடினார்கள் என்று அக்காலத்து முஸ்லிம் பத்திரிகை எழுதியது. 'நாயக்' என்ற வங்கப் பத்திரிகை, சோறு தின்று மலேரியாவில் வாடும் வெறுங்கால் வங்காளி, மாட்டிறைச்சி தின்னும் பூட்ஸ் போட்ட ஜான் புல்லை (ஆங்கிலேயனுக்கு வைத்த கேலிப் பெயர்) அவனுடைய சொந்த ஆட்டத்திலேயே வென்றுவிட்டான் என்ற பொருளில் எழுதியது. ராய்ட்டர் தந்தி இங்கிலாந்துக்கு அனுப்பிய செய்தியில், வங்காளிகள் சட்டைகளைக் கிழித்து வீசி ஆட்டிய காட்சி வருகிறது. இந்த மூன்றும் எனக்கு மூன்று விதமான ரசிகர்களாகத் தெரிகின்றன. ஒருவர் கட்டிப் பிடிக்கிறார், ஒருவர் பழைய அவமானத்துக்குப் பதில் சொல்கிறார், ஒருவர் வெளியே நின்று வியந்து பார்க்கிறார். இதில் 'நாயக்' வாக்கியம்தான் நூறு வருடம் தாங்கியது. வெறுங்கால், பூட்ஸ், சோறு, இறைச்சி என்று கண்ணால் பார்க்கும்படி சொன்னதுதான் காரணம். கல்லூரி என்ற சொல்லை அப்படிப் படம் வரைய முடியாது. எழுதியவரும் வாசித்தவர்களும் பெரும்பாலும் கல்லூரி வழி வந்தவர்களே. தங்களை அவர்கள் அந்தப் படத்திலிருந்து விலக்கிக்கொண்டு, ஒட்டுமொத்த ஏழை நாட்டையும் அங்கே நிறுத்தினார்கள். அதனாலேயே அந்தப் படம் எல்லோருக்கும் சொந்தமானது.

நினைவு சேர்த்ததும் உண்டு. மிகப் பிரபலமானது கொடிக் கதை. ஆட்டம் முடிந்து வீரர்கள் போகும்போது ஒரு முதியவர் அவர்களை நிறுத்தி, வில்லியம் கோட்டை மேல் பறக்கும் ஆங்கிலக் கொடியைக் காட்டி, "இதை ஜெயித்துவிட்டீர்கள், அது எப்போது இறங்கும்?" என்று கேட்டாராம். கூட்டத்திலிருந்து பதில் வந்ததாம்: மோகன் பகான் அடுத்த முறை ஷீல்டு ஜெயிக்கும்போது. மோகன் பகான் அடுத்து ஷீல்டை வென்றது 1947இல்! கேட்டவுடன் மயிர்க்கூச்செறிகிறது. இது நடந்ததா என்றால், 1947க்குப் பிறகு சொல்லும்போதுதான் இந்தக் கதைக்கு உயிர் வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் இதைப் பொய் என்று தள்ளவும் மனம் வரவில்லை. தங்கள் கிளப்பின் கணக்கும் நாட்டின் கணக்கும் ஒன்றுதான் என்று ஒரு தலைமுறை எவ்வளவு தீவிரமாக நம்பியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. அந்த டிசம்பரில் டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் வங்கப் பிரிவினையை ரத்து செய்தார், தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றினார். ஷீல்டு வெற்றிதான் வெள்ளையர்களை விரட்டியது என்று இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரிவினையை உடைத்தது ஆறு வருட சுதேசிப் போராட்டம், ஒரு மாலை ஆட்டம் கிடையாது. தலைநகர மாற்றத்துக்கும் பேரரசின் நிர்வாகக் காரணங்கள் இருந்தன. அந்தக் கோல்களுக்கு இவ்வளவு சுமையை ஏற்ற வேண்டியதில்லை, அவற்றின் சொந்த எடையே போதும்.

நினைவு பேசாமல் கடந்துபோகும் ஒரு வருத்தமும் இருக்கிறது. ஷீல்டை வென்ற அணியைக் கல்கத்தா லீகில் சேர்த்துக்கொள்ளவில்லை. 1898இல் தொடங்கிய லீக் வெள்ளையர் அணிகளுக்கானதாகவே இருந்தது. மோகன் பகானுக்கு 1914இல்தான் கதவு திறந்தது, அதுவும் இரண்டாம் டிவிஷனில். முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்று ஒரு விதி வேறு, 1925 வரை. இறுதியாட்டத்தில் ரெஜிமென்டை வென்ற பிறகும் வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொன்னார்கள். வெற்றி விழாப் பேச்சுகளில் இதையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால், அந்தப் பதினொருவரின் பொறுமைக்கும் மரியாதை செய்ததாக இருக்கும்.

அந்த லீகை முதலில் வென்ற இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங், 1934இல். 1938 வரை ஐந்து வருடமும் அவர்களே. ஈர மைதானத்தில் பூட்ஸ் போட்டு ஆடத் துணிந்தது அவர்களுடைய பலங்களில் ஒன்று. மோகன் பகான் ரசிகர்களின் நினைவில் வெறுங்கால் பெருமை ஆனதால், பூட்ஸுக்கு மாறுவதும் தாமதமானது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில்கூட இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள், 1–2 என்று தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரு கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது. கேப்டன் நாகா மலைகளிலிருந்து வந்த தாலிமெரன் ஆவ். அவர் மோகன் பகான் வீரர், கூடவே கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மாணவர். வெறுங்காலும் கல்லூரிப் படிப்பும் ஒரே மனிதரில் மறுபடி சேர்ந்து நின்றது, முப்பத்தேழு வருடம் கழித்து, கடல் கடந்து.

இன்று ஜூலை 29 'மோகன் பகான் தினம்'. 2001 முதல் அந்த நாளில் 'மோகன் பகான் ரத்னா' விருது கொடுக்கிறார்கள். முதலில் பெற்றவர் சைலேன் மன்னா, 1948இல் அந்த ஒலிம்பிக் அணியிலும் ஆடியவர். பச்சை-மெரூன் சட்டைகள், பதினொருவர் படத்துக்கு மாலை, ஒப்பித்த பெயர்கள். பத்தொன்பது நாள் முன்னால் வரும் ஜூலை 10 சத்தமில்லாமல் போய்விடும். அன்றைக்கு மோகன் பகானுக்கு எதிரில் நின்றவர்கள் சிப்பாய்கள் கிடையாது. பார்க் தெருவில் படித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள். மூன்று கோல் வாங்கிக்கொண்டு, மறுநாள் அவர்கள் வகுப்புக்குப் போயிருப்பார்கள்.